போளூருக்கு மேலே ஒரு காந்தக் கவசம்: தரையிலும் விண்ணிலும் அளப்பது ஏன்?

2024 மே 10-ம் தேதி இரவு. லடாக்கின் ஹான்லே பகுதியில் வானம் சிவந்ததை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமராக்கள் பதிவு செய்தன. இதே நிறுவனம் நடத்தும் இன்னொரு வானாய்வகம்தான் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். அந்த மலையடிவாரத்து ஊரான போளூரில் அன்று வானம் சிவக்கவில்லை. ஆனால், அங்கேயும் பூமியின் காந்தப்புலம் ஆட்டம் கண்டது. 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய காந்தப் புயல் அது.

கண்ணுக்கே தெரியாத இதை எப்படி அளக்கிறார்கள்? செயற்கைக்கோள்கள் இருக்கும்போது தரையில் நிலையம் எதற்கு?

எவ்வளவு ஆடியது?

போளூர் வட்டாரத்தில் காந்தப்புலத்தின் அளவு 40 ஆயிரம் நானோ டெஸ்லாவுக்குச் சற்று மேல். அந்தப் புயலில் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சராசரியாகக் குறைந்தது சுமார் 400. அதாவது நூற்றில் ஒரு பங்கு. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். ஆனால், புலம் வேகமாக மாறும்போது நீளமான மின்தடங்களில் வேண்டாத மின்னோட்டம் பாயும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் தவித்தது இதனால்தான். 2022 பிப்ரவரியில் வந்ததோ சின்னப் புயல். அதில் மேல்வளிமண்டலம் சூடாகி உப்பியதால், அப்போதுதான் ஏவப்பட்ட 38 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் இழுபட்டு விழுந்தன.

துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கனடா அளவுக்குத் தமிழ்நாட்டின் மின்தடங்களுக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஜிபிஎஸ் துல்லியமும் ரேடியோ தொடர்பும் இங்கேயும் தடுமாறும்.

தரையில் யார் அளக்கிறார்கள்?

நவி மும்பையில் இருக்கும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம். இதன் கணக்குப் புத்தகம் ரொம்பப் பழசு. மும்பை கொலாபாவில் 1841-ல் அளவீடு தொடங்கியது. 1859 செப்டம்பரில் வந்த மாபெரும் புயலில் அங்கே பதிவான வீழ்ச்சி சுமார் 1,600 நானோ டெஸ்லா. உலகம் இன்றும் எடுத்துப் பார்க்கும் பதிவு அது. பிறகு மும்பைக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று நிலையத்தை அலிபாகுக்கு மாற்றினார்கள். 1904 முதல் அங்கேதான் அளவீடு. தமிழ்நாட்டில் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்திலும் இந்த நிறுவனத்துக்கு ஆய்வகம் இருக்கிறது.

செயற்கைக்கோள் மட்டும் போதாதா?

போதாது. இதற்குத் திருநெல்வேலியே நல்ல உதாரணம். காந்த நிலநடுக்கோடு தென்தமிழகம் வழியாகப் போகிறது. அதற்கு நேர் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் பலமான மின்னோட்டம் ஓடுகிறது. தரையிலிருந்து பார்த்தால் அது புலத்தைக் கூட்டும். அதற்கு மேலே பறக்கும் செயற்கைக்கோளுக்கோ குறைத்துக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். திருநெல்வேலி அளவிலிருந்து, இந்த மின்னோட்டத்துக்கு வெளியே இருக்கும் அலிபாகின் அளவைக் கழித்துத்தான் அதன் பலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செயற்கைக்கோள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. புலம் மாறியது இடம் மாறியதாலா, நேரம் மாறியதாலா என்று அதற்குத் தனியாகப் பிரிக்கத் தெரியாது. தரை நிலையம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் பிரித்துச் சொல்லிவிடும்.

அப்போ விண்ணில் என்ன வேலை?

கடல்களுக்கு மேலே நிலையம் கட்ட முடியாது. அங்கே 2013-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள்தான் கைகொடுக்கின்றன. முன்னெச்சரிக்கைக்கும் விண்கலம் வேண்டும். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 கலத்தில் 6 மீட்டர் நீளக் கையில் காந்தமானிகள் இருக்கின்றன. சூரியனிலிருந்து வருவது பூமியைத் தொடுமுன் இவற்றைக் கடந்தாக வேண்டும்.

மற்ற கோள்களை இங்கிருந்தே அளக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. வியாழன் ஒரு விதிவிலக்கு. 1955-ல் அதன் ரேடியோ இரைச்சல் பூமியில் கேட்டது, காந்தப்புலத்துக்கு முதல் தடயமானது. ஆனால் யுரேனஸைப் பாருங்கள். 1977-ல் அதன் வளையங்கள் வெளிப்பட்டபோது காவலூர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. அதன் காந்தப்புலம் தெரிய 1986-ல் வாயேஜர்-2 பக்கத்தில் போக வேண்டியிருந்தது. புலத்தின் அச்சு, கோளின் சுழல் அச்சிலிருந்து சுமார் 59 டிகிரி சாய்ந்திருந்ததைப் பார்த்து விஞ்ஞானிகள் அசந்துபோனார்கள்.

எதில் கவனம் வேண்டும்?

விண்கலத்துக்கு ஆயுள் சில வருடங்கள். பழுதானால் வேறொன்றை ஏவலாம். தரை நிலையத்தின் தொடர் பதிவு அப்படியில்லை. நடுவில் அறுந்தால் விட்டுப்போன நாட்களை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. அன்று டிராம் வந்தது. இன்று மின்ரயில், உயரழுத்தத் தடங்கள், வளரும் நகரம். அடுத்த பெரிய புயல் வரும்போது பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க, நிலையங்களைச் சுற்றி இரும்பும் மின்சாரமும் நெருங்காத அமைதியான இடம் மிஞ்சியிருக்க வேண்டும்.