மாகாண சபைத் தேர்தலை இனியும் தள்ளிப்போடுவது தகாது

எல்லை நிர்ணயம், அதாவது வாக்காளர் தொகுதிகளைப் புதிதாக வகுக்கும் பணி, நிறைவுற்ற பின்னரே மாகாண சபைத் தேர்தல் என்று மீண்டும் எடுக்கப்பட்டுள்ள நிலைப்பாட்டில் எவ்வித நியாயமும் இல்லை. 2024இல் ஜனாதிபதித் தேர்தலையும் பாராளுமன்றத் தேர்தலையும், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலையும் நடத்திய நாட்டுக்கு இடைப்பட்ட ஒரு மட்டத்தில் மட்டும் வாக்கெடுப்பு இயலாதென்பதை எவர் நம்புவார்? பாராளுமன்றத் தேர்தலில் 61 வீதத்தைத் தாண்டிய ஆளுந்தரப்பின் வாக்கு, ஆறே மாதங்களில் உள்ளூராட்சியில் 43 வீதமாகச் சரிந்ததைக் கண்டவர்களுக்குத் தயக்கத்தின் காரணம் விளங்கும்.

கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களைக் கொண்ட மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றுமுதல் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையிலேயே மாகாண நிர்வாகம் இருக்கிறது. தேசிய பாடசாலைகள் தவிர்ந்த அரச பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளமையால், தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் உள்ள தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடம் பற்றிச் சபையில் எழுந்து கேட்க வேண்டியவர் மாகாண சபை உறுப்பினரே. அவர் இல்லாததால், பெற்றோர் அதிகாரிகளின் வாசலிலும் பாராளுமன்ற உறுப்பினர்களின் வாசலிலும் மாறிமாறி நிற்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தபோதும், மாகாணத்தின் பேரில் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் இருக்கவில்லை. மலையக மக்கள் இந்த இழப்பைச் சத்தமின்றிச் சுமக்கிறார்கள் என்பதால் அது சிறியதாகிவிடாது.

இந்த முடக்கத்தை உண்டாக்கியவர்களும் கொழும்பில் முடிவெடுப்போரே. 2017இல் கலப்புத் தேர்தல் முறைக்கான சட்டத்தை அவசரமாக நிறைவேற்றினார்கள். அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் தாங்களே தோற்கடித்தார்கள். எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய சட்டம் போயிற்று, புதியது நடைமுறைக்கு வரவில்லை. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலையும் நிதியில்லை என்று நிறுத்தி, அது அடிப்படை உரிமை மீறலென 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் நிலைக்குத் தள்ளினார்கள்.

1987 ஜூலை 29ஆம் திகதி கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் வழியே, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் பிறந்தவை மாகாண சபைகள். ஆகவே 2025 ஏப்ரலில் கொழும்பு வந்த இந்தியப் பிரதமர் மோடி அவற்றின் தேர்தலைப் பற்றிப் பேசினார். சொந்தக் குடிமக்கள் பல ஆண்டுகளாகக் கேட்பதை அயல்நாட்டின் தலைவர் நினைவூட்ட நேர்ந்தது வெட்கக்கேடு. சட்டச் சிக்கலைத் தீர்க்கும் பெரும்பான்மை ஆளுந்தரப்பிடம் தாராளமாகவே இருக்கிறது. தகுந்த வழியைக் கண்டு மக்களை விரைவில் வாக்களிக்க விடவேண்டும்.