பாடும் மின்பொறிக்கு ஒரு வரம்பு

1891-ஆம் ஆண்டில் நிகோலா டெஸ்லா ஆக்கியளித்த உயர் மின்னழுத்தச் சுருளை இன்று ஆர்வலர்கள் பாட வைக்கிறார்கள். அதன் உச்சியிலிருந்து சீறும் மின்பொறி விநாடிக்கு 440 முறை தோன்றி மறையுமானால், அத்தனை முறையும் காற்று சட்டென்று சூடேறி விரிவதனால், அதுவே ஸ்வரமாகக் காதில் விழுகிறது. அற்புதமான வாத்தியம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆயினும், இந்தத் துடிப்பை நிர்ணயிக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திருத்தியமைக்கப் புகுகிறவர், ஏககாலத்தில் எத்தனை ஸ்வரங்களை ஒலிக்கச் செய்யலாம் என்ற ஆசைக்கே முதலிடம் கொடுப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. ஒரு துடிப்பு நீடிப்பது பொதுவாக விநாடியின் பத்தாயிரத்தில் ஓரிரு பங்குதான். ஸ்வரம் ஏற ஏறத் துடிப்புகள் பெருகுவதால், அந்த அற்ப காலத்தையும் குறுக்காவிட்டால், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் உஷ்ணம் தாங்காமல் வெடித்துவிடக்கூடும். மென்பொருள் இந்த வரம்பைக் காக்கும் என்று நம்பியிருப்பது போதாது. ஏனெனில், பெட்டியிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர் ஸ்தம்பித்துப்போகும் தருணத்தில் அதன் வெளியீடு திறந்த நிலையிலேயே நின்றுவிடலாம். ஆகையால், துடிப்பு நீளும்போது தானாகவே துண்டித்துவிடும் தனிச் சுற்று ஒன்றை முதலில் பொருத்துங்கள். பெட்டி வாசிப்பவரின் கையருகே இருப்பதால், அதனைச் சுருளுடன் செப்புக் கம்பியால் அன்றி, மின்சாரம் பாயாத ஒளியிழையால் இணையுங்கள். ஸ்வரங்களைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.