மலைப் பிள்ளைகளுக்கு "எக்ஸ்" புரிய வேண்டாமா?

சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவைத் தாண்டாமல் அடுத்த வளைவுக்கு எந்த டிரைவரும் போக முடியாது.

பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராவும் அப்படிப்பட்ட பாதைதான். ஆனால் அங்கே மட்டும் 3-வது வளைவில் நின்று போன பிள்ளையை, 15-வது வளைவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள்!

சேர்வராயன் மலையில் சிறு சிறு கிராமங்கள் நிறைய. அங்கே பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். காப்பித் தோட்டத்திலும் மிளகுக் கொடியிலும்தான் அவர்கள் பிழைப்பு. பிள்ளைகள் ஊர்ப் பள்ளியிலோ, உண்டு உறைவிடப் பள்ளியிலோ 8-ம் வகுப்பு வரை படித்துவிட்டு, உயர்நிலைப் பள்ளி தேடிப் போகிறார்கள். அதே மலையில்தான் 1917-ல் தொடங்கிய மாண்ட்போர்ட் பள்ளியும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிற மலை இது. உள்ளூர்ப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் யாரைக் கேட்பது?

எந்த வகுப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

2018, 2019-ம் ஆண்டுகளில் வந்த தமிழக அரசின் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். 6-ம் வகுப்பில்தான் முதல் முதலாக "எக்ஸ்" வருகிறது. 7-ல் சின்னச் சின்னச் சமன்பாடு. 8-ல் கோவைகளைப் பெருக்குவது, காரணிப்படுத்துவது, வரைபடம். 9-ல் பல்லுறுப்புக் கோவை, மீதித் தேற்றம், இரண்டு எக்ஸ் உள்ள ஒருங்கமை சமன்பாடு. 10-ல் மூன்று மாறிகள், இருபடிச் சமன்பாடு, போதாக்குறைக்கு அணிகள்.

வரிசை தப்பு என்று நாம் சொல்லவில்லை. வரிசை சரிதான். 6, 7-ம் வகுப்பில் ஓடுகிற வேகம்தான் தப்பு!

<b>காப்பிப் பழம்</b>

6-ம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, எக்ஸ்னா என்னப்பா?" என்று கேட்கிறது. காப்பி பறித்துவிட்டு வந்த அப்பா என்ன சொல்வார்? "டீச்சரைக் கேளுடா" என்பார். உண்மையில் அந்த அப்பாவுக்கு எக்ஸ் நன்றாகத் தெரியும். அதற்கு அந்தப் பெயர் என்றுதான் தெரியாது.

நாள் கூலி 400 ரூபாய், குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக எத்தனை கிலோ பறிப்போம் என்று காலையில் யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாத கிலோதான் எக்ஸ். கூலி 400, அதோடு 3 எக்ஸ். சாயங்காலம் கையில் 475 ரூபாய் வந்தால், 400-ஐக் கழி, மீதி 75. அதை மூன்றால் வகு, 25 கிலோ. 7-ம் வகுப்புச் சமன்பாடு முழுவதும் இதற்குள் அடக்கம்.

சுமார் 6 கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காப்பிக் கொட்டை தேறும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதுவும் ஒரு சமன்பாடுதான்.

கழித்தல் குறி என்றால் பிள்ளைகள் மிரளுகிறார்கள். மளிகைக் கடைக் கடன் நோட்டைக் காட்டுங்கள்! 50 ரூபாய் கடன் உள்ளவன் 30 ரூபாய் கட்டினால் இன்னும் 20 ரூபாய் கடன். மைனஸ் 50-ம் பிளஸ் 30-ம் சேர்ந்தால் மைனஸ் 20. கடைக்காரர்கள் தினமும் போடுகிற கணக்கு இது.

<b>40 அடி எங்கே?</b>

ஏ, பி இரண்டையும் கூட்டி வர்க்கம் எடுத்தால் என்ன? பத்தாம் வகுப்பிலும் பல பிள்ளைகள் "ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். நடுவில் உள்ள 2 ஏபி காணாமல் போகிறது.

10 அடிக்கு 10 அடி காப்பி காயவைக்கிற களம். 100 சதுர அடி. நீளத்தில் 2 அடி, அகலத்தில் 2 அடி கூட்டினால் 12-க்கு 12, அதாவது 144. அந்தப் பிள்ளையின் கணக்குப்படி 100-ம் 4-ம் சேர்ந்து 104தான். மீதி 40 சதுர அடி எங்கே போச்சு? இரண்டு பக்கமும் 10-க்கு 2 என்று ஒட்டிக்கொண்ட இரண்டு பட்டைகள்தான் அந்த 40. தரையில் சாக்பீசால் கோடு போட்டுக் காட்டினால் 10 நிமிஷ வேலை. ஆயுசுக்கும் மறக்காது. 7-ம் வகுப்புப் புத்தகமே இப்படிப் படம் போட்டுத்தான் சொல்கிறது. புத்தகத்தைக் குறை சொல்ல வழியில்லை. அதை நடத்த நேரமும், கணக்கு வாத்தியாரும் வேண்டுமே!

8-ம் வகுப்பு வரை யாரையும் பெயில் போடுவதில்லை. அதை நாம் ஆதரிக்கிறோம். 11 வயதுப் பிள்ளையைப் பெயிலாக்கினால் அது தோட்டத்துக்குத்தான் போகும். ஆனால் பெயில் போடாததற்காகக் கற்றுக் கொடுக்காமலும் விடலாமா? 9-ம் வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளைக்குப் பின்னம் தகராறு, மைனஸ் தகராறு. வாத்தியாரோ மீதித் தேற்றம் எழுதிக் கொண்டிருக்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அடுத்த வருஷம் அரசுப் பொதுத் தேர்வு. 35 மார்க் வாங்காவிட்டால் பாலிடெக்னிக் கதவும் மூடிக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் 11-ம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. இருந்தபோது ஜெனரல் மேத்ஸ், காம்போசிட் மேத்ஸ் என்று இரண்டு இருந்தன. இன்றும் பெரியவர்கள் "நான் காம்போசிட்" என்று பெருமையாகச் சொல்வார்கள். மத்திய போர்டிலும் 2020 பரீட்சை முதல் 10-ம் வகுப்புக்கு எளிய கணக்கு, வழக்கமான கணக்கு என்று இரண்டு தாள். இங்கேயும் அப்படிப் பிரிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம்! பிரித்தால் எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் தள்ளப்படும் என்பது தெரிந்த கதை. மலைப் பிள்ளைக்கு எளிய கணக்கு, டவுன் பிள்ளைக்கு முழுக் கணக்கு என்று ஆகிவிடும்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரில் 2014-ல், 8-ம் வகுப்பில் அல்ஜீப்ரா வேண்டாம், எல்லோரும் 9-ல் படிக்கட்டும் என்றார்கள். சமத்துவம் வரும் என்பது எண்ணம். வசதி உள்ளவர்கள் வெளியே காசு கட்டிப் படிக்க வைத்தார்கள். 2024-ல் 8-ம் வகுப்புக்கே திரும்பக் கொண்டுவர முடிவானது. அதே நாட்டில் பாப் மோசஸ் என்ற கறுப்பின உரிமைப் போராளி, ஏழைப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லித் தருவதையே 1982 முதல் ஒரு இயக்கமாக நடத்தினார். அவருக்கு அது ஓட்டுரிமை மாதிரி.

மேல் வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளஸ் 1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் 2 பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் 1 பொதுத் தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கைப்படி அது ரத்து. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சந்தோஷம். ஆனால் பிளஸ் 1 அடிப்படை இயற்கணிதத்தை மறுபடி மூட்டை கட்டி வைக்காமல் அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

<b>இரண்டு வாரம்</b>

நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் 6-ம் வகுப்பிலும் 9-ம் வகுப்பிலும் முதல் இரண்டு வாரம் புதுப் பாடத்தைத் தொட வேண்டாம். 6-ல் வகுத்தலும் பின்னமும். 9-ல் மைனஸ், சமன்பாடு, அந்த 144 சதுர அடி களம். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று வாத்தியார் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். பிள்ளை பள்ளி மாறும்போது அந்த நோட்டும் கூடவே போகட்டும்.

10-ம் வகுப்பில் மூன்று மாறி, அணி இரண்டுக்கும் போகிற நேரத்தில் கொஞ்சத்தை இரண்டு மாறிச் சமன்பாட்டுக்குக் கொடுக்கலாம். மே மாத மலர்க் கண்காட்சியில் பெரியவருக்கு 20 ரூபாய், சிறுவருக்கு 10 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொண்டு, 50 பேரிடம் 860 ரூபாய் வசூல், சிறுவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 14 என்று தானாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அணிகள் பிறகு பிளஸ் 2-வில் எப்படியும் வரும்.

கணக்கு ஆசிரியர் இடம் காலியானால், மலைப் பள்ளிகளை முதலில் நிரப்ப வேண்டும். கீழே சேலத்தில் ஒரு வாத்தியார் இல்லாவிட்டால் டியூஷன் இருக்கிறது. மேலே கிராமத்தில் டியூஷனுக்கு எங்கே போவது? கலந்தாய்வு நடத்தும் கல்வித் துறையும், உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்தும் பழங்குடியினர் நலத் துறையும் பள்ளி திறக்கும் முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும்.