கிண்ணங்கள் மோதிக்கொள்வதும் கச்சேரிதான்

பாரிஸ் நகரத்துப் பூர்ஸ் தெ கொமெர்ஸ் ஒரு காலத்தில் தானியச் சந்தை. இன்று பினோ சேகரிப்பின் கலைக்கூடம். 2025 கோடையில் அதன் கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கீழே 18 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி ஒன்றில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் மிதந்தன. பம்புகள் உண்டாக்கும் மெல்லிய நீரோட்டம் அவற்றை நகர்த்தும். ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் இடிக்கும்போது மணியடித்தாற்போல நாதம் எழும். பிரெஞ்சுக் கலைஞர் செலெஸ்ட் பூர்சியே-மூஜெனோவின் 'கிளினாமென்' என்ற படைப்பு இது. மெல்போர்ன், சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகங்களிலும் இதன் வேறு வடிவங்கள் காட்டப்பட்டிருக்கின்றன. எங்கே போனாலும் காட்சிக்கலை என்ற கணக்கில்தான் பெரும்பாலும் இது பேசப்படுகிறது. கிண்ணம் அழகு, நீலத் தண்ணீர் அழகு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது இசை. இசையாகவே கேட்டு, இசைக்குரிய அளவுகோல்களாலேயே நிறை குறை சொல்ல வேண்டும்.

இதைச் செய்தவர் ஓவியரோ சிற்பியோ அல்ல, இசையமைப்பாளர். 1985 முதல் 1994 வரை பாஸ்கல் ராம்பேரின் நாடகக் குழுவுக்கு இசையமைத்தவர். தொட்டியில் நடப்பது தற்செயல்போலத் தோன்றினாலும் அதற்கு முன்னால் அவர் எடுத்திருக்கும் முடிவுகள் பல. பீங்கான் நன்றாக அதிர்வதற்காகத் தண்ணீரைச் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்கிறார். எந்த அளவுக் கிண்ணம் எத்தனை, ஓட்டத்தின் வேகம் எவ்வளவு என்பதெல்லாம் ஒலியைக் கருதி முடிவானவை. பெரிய கிண்ணம் ஒன்று அசைந்து வந்து சிறியதைத் தொடுகிறது. கனத்த நாதம் ஒன்றும் மெல்லிய நாதம் ஒன்றும் சேர்ந்து எழுந்து அடங்குகின்றன. தள்ளப்பட்ட சிறிய கிண்ணம் விலகிப்போய் வேறொன்றில் முட்டுகிறது. சில நொடிகள் எதுவுமே இல்லை. பிறகு தொட்டியின் மறுபக்கத்தில் நாலைந்து ஒன்றாக ஒலிக்கின்றன. அந்த இடைவெளி நீள்வதும் குறுகுவதும் ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்தது. வேகத்தை முடிவுசெய்தவர் காலப்பிரமாணத்தை முடிவுசெய்திருக்கிறார்.

வாசிப்பவர் இல்லாமல் இசை ஏது என்று கேட்கலாம். ஜலதரங்கத்தை அறிந்த நமக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே எழும். சீதா துரைசாமியும் ஆனையம்பட்டி கணேசனும் அதே பீங்கான் கிண்ணங்களில்தான் கீர்த்தனை வாசித்தார்கள். அங்கே தண்ணீர் கிண்ணத்துக்குள் இருக்கிறது. அதைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்க்கிறார்கள், குச்சியால் தட்டுகிறார்கள். பாரிஸில் தண்ணீர் கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது. தட்டும் வேலையை அதுவே எடுத்துக்கொள்கிறது. ராகம் இல்லை, கமகம் இல்லை, மனோதர்மம் இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆனால் நாதத்தின் தரம், ஒலிக்கும் ஒலிக்கும் இடையிலான மௌனம், அடர்த்தி கூடிக் குறையும் போக்கு ஆகியவை இருக்கின்றன. 1952-இல் ஜான் கேஜ் '4'33"' என்ற படைப்பில் ஒரு சுரம்கூட வாசிக்க வேண்டாம் என்று சொல்லி, அரங்கில் தானாக எழும் ஓசைகளையே கேட்கவைத்தார். முடிவை இயற்கையின் கையில் விடுவதும் இசையமைப்பில் ஒரு வழி என்பது எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்ற எண்ணம். வாசலில் தொங்கும் காற்றுமணியும் இதைத்தானே செய்கிறது என்றால், காற்றின் வேகத்தை யாரும் முடிவுசெய்வதில்லை. இங்கே நீரின் வேகமும் வெப்பமும் ஒருவர் வகுத்தவை.

பெரும் பணக்காரரின் கலைக்கூடத்தில் நடக்கும் ஆடம்பரம் என்ற குறைக்கு நியாயம் உண்டு. பினோ ஆடம்பரப் பொருள் வணிகத்தில் செல்வம் சேர்த்தவர். அவ்வளவு பெரிய வட்டக்கூடம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் தொட்டி, பம்பு, பீங்கான் என்ற மூலப்பொருள்கள் எந்தப் பொது அருங்காட்சியகத்துக்கும் எட்டக்கூடியவை. படம் எடுத்துப் போடத்தான் கூட்டம் வருகிறது என்ற குறைதான் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. நீலத்தின்மேல் வெள்ளை வட்டங்கள் படத்தில் பிரமாதமாக விழுகின்றன, ஒலி மட்டும் விழுவதில்லை. படைப்பில் பாதிக்கு மேல் அங்கேயே தங்கிவிடுகிறது. காட்சிக்கலை என்று பெயரிட்டு அழைத்தால் மக்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். கச்சேரி என்று அழைத்தால் உட்கார்ந்து கேட்பார்கள்.

இசையாக மதிப்பிட்டால் குறைகளும் தெரியும், அதற்காகவும்தான் இந்த வாதம். 'கிளினாமென்' வளர்வதில்லை. எவ்வளவு நேரம் கேட்டாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. கிண்ணங்கள் தங்கள் ஒலியைத் தாங்களே கேட்பதில்லை என்பதால் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதும் இல்லை. இதே கலைஞர் மின் கித்தார்களின்மேல் சீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு பறவைகளை வந்து உட்காரவிட்ட படைப்பு ஒன்று உண்டு. 2010-இல் லண்டன் பார்பிக்கனில் அது காட்டப்பட்டது. பறவைக்குக் காது இருக்கிறது. கூடவே தானும் கத்துகிறது. இசை என்ற அளவில் அதுவே மேலானது என்பேன். இப்படி ஒரு தீர்ப்பைக் காட்சிக்கலையின் அளவுகோலை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

கொச்சி பியனாலேயிலும் சென்னையின் கலைக்கூடங்களிலும் ஒலி எழுப்பும் படைப்புகள் வைக்கப்படும்போது, நாளிதழ்கள் கலை விமர்சகரோடு இசை விமர்சகரையும் அனுப்ப வேண்டும். மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கும் ரசிகர்களும் போக வேண்டும். போனால் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு கச்சேரிக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது அதற்குத் தாருங்கள்.