ஜெயித்தவருக்கு மொழி தெரியாது!

குட்டீஸ்... ஸ்கிராபிள் விளையாடியிருக்கிறீர்களா? எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி, வார்த்தை அமைக்கும் விளையாட்டு. இதை விளையாடினால் ஆங்கிலம் வந்து விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிஜமாகவே வந்து விடுமா?

ஸ்கிராபிள் ஆங்கிலத்தில் மட்டுமல்ல, வேறு பல மொழிகளிலும் உண்டு. 2024ல், ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகரில், ஸ்பானிஷ் மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டி நடந்தது. 24 ஆட்டங்களில் 23ல் வென்று சாம்பியன் ஆனார், நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ். வேடிக்கை என்ன தெரியுமா? அவருக்கு ஸ்பானிஷ் பேசவே தெரியாது! 2015ல், பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் இப்படித்தான் ஜெயித்தார். வார்த்தைகளின் எழுத்துக்களை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்.

எப்படி முடிந்தது? ஸ்கிராபிளில் எழுத்துக்கள் சரியாக இருந்தால் போதும். பாயின்ட் கிடைத்து விடும். அர்த்தத்தை யாரும் கேட்பதில்லை. அதனால், விளையாடினால் எழுத்துப்பிழை குறையும். ஆனால், அது மட்டுமே பேச்சாகி விடாது.

அதற்காக விளையாட்டை விட்டு விட வேண்டாம். ஒரே ஒரு விதியைச் சேர்த்துக் கொள்ளுங்கள். 'ரிவர்' என்று அடுக்கியவர், அதன் அர்த்தத்தைச் சொல்லி, அந்த வார்த்தை வரும்படி ஓர் ஆங்கில வாக்கியமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாதி பாயின்ட் தான்!

பலகை இல்லையா? பழைய காலண்டர் அட்டையைச் சதுரமாக வெட்டி, எழுத்துக்களை எழுதிக் கொள்ளுங்கள். நேற்று அடுக்கிய வார்த்தைகளில் ஐந்தை, இன்று பேச்சில் பயன்படுத்திப் பாருங்கள். அதுதான் நிஜ வெற்றி. என்ன, ஆட்டத்துக்கு ரெடியா?