தடியும் உண்மையும்

நகை களவு போயிற்றென்று ஒரு புகார். அதன் விசாரணையில், போலீஸ் காவலில் ஒருவனுடைய பிராணனே போயிற்று. மதுரையை அடுத்த மடப்புரத்தில் 2025 ஜூன் மாதம் கோயில் காவலாளிக்கு நேர்ந்த கதி இது. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்ட துயரம் ஆறுமுன் இது நேர்ந்தது.

சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளைக் கமிஷன் ஒன்று 1855-லேயே அம்பலப்படுத்திற்று. போலீஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாதென 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் விதித்தது. அவ்விதி இன்றைய சட்டத்திலும் நிலைத்திருக்கிறது. காரணம் யாவரும் அறிந்ததே. வலி பொறாதவன் உண்மையைச் சொல்வதில்லை. அடிப்பவன் விரும்புவதையே சொல்வான்.

கான்ஸ்டேபிள் பரீட்சையில் உளவியல் என்றொரு பகுதி உண்டு. அது சோதிப்பதோ பெரும்பாலும் கணக்கையும் தர்க்கத்தையுமே, கோபத்தையன்று. மார்பளவை அளக்கும் சர்க்கார் மனப்பக்குவத்தையும் அளக்கட்டும். வார ஓய்வைத் தவறாமல் அளிக்கட்டும். கேள்வி கேட்கும் கலையைக் கற்பிக்கட்டும். தடியின் நுனியில் நீதி பிறவாதென்பதே நமது துணிபு.