பலி கொடுத்தால் பாக்கி தீருமா?



சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓபீர் சாலையில், லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு 1888-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோயில் அது. 2005-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் அங்கே தமிழில் வழிபாடு நடக்கிறது. அந்த வழிபாட்டுக்குத் 'திருப்பலி' என்று பெயர்.

பலி என்றதும் தோட்டத்து மக்களாகிய நமக்கு முனியாண்டி கோயில் கிடாவும் சேவலும்தான் நினைவுக்கு வரும். மாதா கோயிலிலோ கத்தியும் இல்லை, கிடாவும் இல்லை. அப்பமும் திராட்சை இரசமும்தான் உண்டு. அப்படியானால் அங்கே பலியாவது யார்? சிலுவையில் உயிர்விட்ட இயேசு கிறிஸ்துவே என்பது கிறிஸ்தவர்களின் பதில்.

இந்த நம்பிக்கையின் வேர் யூத சமயத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளன்று, இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியாகும். மற்றதன் தலைமேல் பிரதான ஆசாரியர் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்குத் துரத்திவிடச் செய்வார். தமிழ் வேதாகமம் அந்தக் கடாவைப் 'போக்காடு' என்று அழகாகச் சொல்கிறது. கி.பி. 70-இல் உரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தபோது இந்தப் பலிகள் நின்றுபோயின. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878-ஆம் ஆண்டு முதல் ஒரு யூத ஆலயம் இருக்கிறது. யூதர்கள் இன்று அந்த நாளைப் பலியின்றி, உபவாசத்தோடும் மன்றாட்டோடும் அனுசரிக்கிறார்கள். கிறிஸ்தவர்களோ, ஆண்டுதோறும் செய்ய வேண்டியிருந்ததை இயேசு ஒரே தரம், எல்லாருக்குமாகச் செய்து முடித்தார் என்கிறார்கள். கத்தோலிக்கர் அந்த ஒரே பலி பீடத்தின்மேல் மீண்டும் நம்முன் நிற்கிறது என்பர். மற்றச் சபையாரில் பலர் அதை நினைவுகூரும் திருவிருந்து என்பர்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு.

ஒருவன் செய்த பாவத்துக்கு இன்னொருவர் சாவது நியாயமா? இது முதற் கேள்வி. நமது தோட்டத்து மளிகைக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பற்றுக் கணக்கில் 300 வெள்ளி பாக்கி. கொடுக்க வழியில்லாத குடும்பத்தைப் பார்த்து, கடைக்காரர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிடுகிறார். பாக்கி மறைந்துவிட்டதா? இல்லை. அந்த 300 வெள்ளி நட்டத்தை அவரே ஏற்றுக்கொண்டார். மன்னிப்பு என்பது இலவசம் அல்ல. யாரோ ஒருவர் அதைச் சுமக்கிறார். கோபங்கொண்ட கடவுளுக்கு மனிதன் கொடுத்த இலஞ்சம் அல்ல சிலுவை. கடன் கொடுத்த கடவுளே மனிதனாக வந்து நட்டத்தைத் தம்மேல் போட்டுக்கொண்டார் என்பதே கிறிஸ்தவக் கொள்கை. மற்றக் காணிக்கைகளில் மனிதன் கொடுக்கிறான். இதில் கடவுள் கொடுக்கிறார்.

அப்படியானால் சிலுவையைக் காட்டிவிட்டு எதையும் செய்யலாமா? இது இரண்டாவது கேள்வி. நம் வீட்டு வாசலுக்கே வரும் கேள்வி இதுதான். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டவர் கோயில் உண்டியலில் 100 வெள்ளி போட்டுவிட்டால், ஏமாந்த தாய்மாரின் கண்ணீர் காய்ந்துவிடுமா?

வேதாகமம் இதில் கண்டிப்பானது. மோசேயின் சட்டப்படி, பிறர் பொருளை வஞ்சித்து எடுத்தவன் முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலியும் செலுத்த வேண்டும். 100 வெள்ளி எடுத்தவன் 120 வெள்ளி கொடுக்க வேண்டும். பலி மட்டும் போதாது. காணிக்கையோடு பீடத்தண்டை வந்தவனுக்குத் தன் சகோதரன் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்று இயேசுவும் போதித்தார். எரிகோ ஊரின் வரி வசூலிப்பவன் சகேயு என்ன செய்தான்? இயேசு தன் வீட்டுக்கு வந்த அன்றே, சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், வஞ்சித்ததை நான்கு மடங்காக உரியவர்களுக்கும் கொடுப்பதாகச் சொன்னான். மன்னிப்பை விலை கொடுத்து வாங்க அவன் அப்படிச் செய்யவில்லை. அன்பு தன்னைத் தேடி வந்ததைக் கண்டதும், பிறர் பொருளைக் கையில் வைத்திருக்க அவனால் முடியவில்லை. கத்தோலிக்கரிலும், குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை.

ஆகவே அன்பர்களே, கடவுளோடு உள்ள கணக்கைக் கடவுளே தீர்த்துவைத்தார் என்று நம்புகிறவர், அடுத்த வீட்டாரோடு உள்ள கணக்கைத் தாம் தீர்க்கக் கடமைப்பட்டவர். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் இது நமக்கும் பொருந்தும் அல்லவா? தங்கைக்குத் தரவேண்டிய நகை, தம்பிக்குச் சேரவேண்டிய பங்கு, பக்கத்து வீட்டாரிடம் கைமாற்றாக வாங்கிய பணம் எதுவாயினும், அடுத்த முறை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது நினைவுக்கு வந்தால், செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள். சாமி காத்திருப்பார்.